மறந்தவர் பணம் இலாபமாகுமா? சந்தா மென்பொருள் தொழில் தொடங்கும் இளைஞர்களுக்கு



சந்தா என்னும் சொல் நமக்குப் புதிதன்று. மஹல்லா ஜமாஅத்தின் சந்தாப் புத்தகத்தில் பெயர் இல்லாத குடும்பம் நம்மிடையே அரிது. மாதந்தோறும் ஒரு சிறு தொகை, அதற்கு ஒரு ரசீது, அத்தொகை எதற்குச் செலவாகிறது என்று கேட்கும் உரிமை: இவை மூன்றும் சேர்ந்ததே நாம் அறிந்த சந்தா.

இன்று அதே சொல், நம் பிள்ளைகள் தொடங்க விரும்பும் ஒரு தொழிலுக்கும் பெயராகியிருக்கிறது. மென்பொருளை எழுதி, அதனை ஒரேயடியாக விற்றுவிடாமல், மாதக் கட்டணத்துக்கோ ஆண்டுக் கட்டணத்துக்கோ பயன்படுத்தத் தருவதே அத்தொழில். சென்னையிலும் பெங்களூரிலும் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுச் சொந்தமாக ஏதேனும் செய்ய எண்ணும் இளைஞர் பலர் இதனையே நாடுகின்றனர். மாதச் சம்பளத்தை விடுவதும், தாயின் நகையை விற்பதும், தந்தையின் சேமிப்பைக் கேட்பதும் இதன் பொருட்டு நடக்கின்றன. ஆகவே இது ஒரு குடும்பத்தின் வாழ்வையே தொடும் முடிவாகும்.

நிரல் எழுதும் கலையைப் பற்றிச் சொல்ல ஆலிம்களிடம் ஏதுமில்லை. ஆனால் கொடுக்கல் வாங்கலின் ஒழுங்கைப் பற்றிச் சொல்ல உண்டு. இத்தொழிலின் வெற்றி தோல்வி பெரும்பாலும் அந்த ஒழுங்கிலேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

நம் அய்யலூர் வியாழக்கிழமை ஆட்டுச் சந்தையை எடுத்துக்கொள்வோம். ஆட்டைப் பார்க்கிறோம், பல்லைப் பிடித்து வயதைக் கணிக்கிறோம், விலை பேசுகிறோம், பணத்தைக் கொடுத்து ஓட்டிச் செல்கிறோம். விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலான உறவு பெரும்பாலும் அன்றே முடிந்துவிடுகிறது. சந்தாத் தொழில் அப்படிப்பட்டதன்று. முதல் மாதப் பணத்தை வாங்கிய நாளில்தான் அங்கே வியாபாரம் தொடங்குகிறது. அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும் வாடிக்கையாளர் மனமுவந்து பணம் தர வேண்டும். பால்காரருக்கும் வீட்டுக்கும் உள்ள வாடிக்கை போன்றது அது. ஒரு நாள் பாலில் தண்ணீர் கலந்தால் மறுநாள் வேறொருவர் வாசலில் நிற்பார்.

இந்த வேறுபாட்டை உணர்ந்தவர் முதலில் செய்ய வேண்டியது, சரியான தேவையைத் தேர்ந்தெடுப்பது. ஆட்டு வியாபாரிக்குக் கணக்கு மென்பொருள் எழுதலாம் என்று ஒருவர் எண்ணலாம். ஆனால் வாரத்தில் ஒரு நாள் மட்டும், அதுவும் பக்ரீத்தை ஒட்டிய வாரங்களில் மிகுதியாகவும் வியாபாரம் செய்பவர், ஆண்டு முழுதும் மாதக் கட்டணம் தருவாரா? தக்காளியோ காய்கறியோ ஏலம் எடுக்கும் கமிஷன் மண்டிக்கு நிலைமை வேறு. அங்கே நாள்தோறும் வரத்து, எடை, கமிஷன், வண்டி வாடகை, விவசாயிக்குச் சேர வேண்டிய பாக்கி என்று கணக்கு ஓயாது. நாள்தோறும் எழும் தேவைக்கே சந்தா பொருந்தும். எப்போதாவது எழும் தேவைக்கு ஒருமுறை விலையோ, பயன்படுத்தும்போது மட்டும் கட்டணமோதான் நியாயம். ஒட்டன்சத்திரம் மண்டியிலோ, வேடசந்தூர்ப் பகுதி நூற்பாலையிலோ, திண்டுக்கல் தோல் ஷாப்பிலோ ஒரு வாரம் உட்கார்ந்து, அங்குள்ளவர் எந்தக் கணக்கில் தடுமாறுகிறார் என்று பார்த்த பின்னரே நிரலின் முதல் வரியை எழுதுவது நல்லது.

இரண்டாவது, விலை. 2010-ஆம் ஆண்டில், வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் மென்பொருளைச் சந்தாவுக்குத் தந்துவந்த ஜென்டெஸ்க் என்னும் வெளிநாட்டு நிறுவனம் தன் விலையைப் பெரிதும் உயர்த்தியது. பழைய சந்தாதாரர்களையும் அந்த உயர்வுக்கு உட்படுத்தியது. அவர்கள் கொதித்தெழுந்தனர். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, இருந்தவர்களுக்குப் பழைய விலையையே நிலைநிறுத்தியது. ஆனால் அதற்குள் அச்செய்தி, அப்போது சோஹோவில் பணியாற்றிக்கொண்டிருந்த கிரீஷ் மாத்ருபூதத்தின் கண்ணில் பட்டுவிட்டது. அதில் தமக்கு ஒரு வாய்ப்புத் தெரிந்ததாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். அதே ஆண்டில் சென்னையில் அவரும் அவருடைய நண்பரும் தொடங்கிய ஃபிரெஷ்டெஸ்க், பின்னர் ஃபிரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் பெற்று, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. பழைய வாடிக்கையாளரிடம் கொடுத்த வாக்கை ஒருவர் தளர்த்தியபோது, வேறொருவருக்குக் கதவு திறந்தது. விலையை உயர்த்தவே கூடாது என்று எவரும் சொல்லவில்லை. புதியவருக்கு உயர்த்துங்கள்; பழையவருக்குப் போதிய அவகாசத்துடன் முன்னறிவிப்புக் கொடுங்கள்.

இஜாரா எனப்படும் வாடகை ஒப்பந்தம் செல்லுபடியாக, தரப்படும் பயன், கூலி, காலம் ஆகிய மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும் என்று ஃபிக்ஹு நூல்கள் வற்புறுத்துகின்றன. சந்தா மென்பொருளும் ஒரு பயனை வாடகைக்கு விடுவதே. ஆகவே 299 ரூபாய் என்று விளம்பரம் செய்துவிட்டு, பணம் கட்டும் பக்கத்தில் 18 சதவீத ஜி.எஸ்.டி.யையும் இன்ன பிற கட்டணங்களையும் ஒவ்வொன்றாகச் சேர்ப்பது தவறு. முழுத் தொகையை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 இலட்சம் ரூபாயைக் கடந்தால் தமிழ்நாட்டில் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம் என்பதையும் தொடக்கத்திலேயே கணக்கில் கொள்ளுங்கள். தவணை தவறியவரிடம் தாமதக் கட்டணம் வசூலிப்பது கடன் மீது ஏறும் கூடுதலாகிவிடும் என்று மார்க்க அறிஞர்கள் எச்சரிக்கின்றனர். பணம் வராவிட்டால் அறிவித்துவிட்டுச் சேவையை நிறுத்துவதே போதுமானது.

மூன்றாவது, எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதைவிட எத்தனை பேர் விலகினார்கள் என்பதை எண்ணுங்கள். நூறு வாடிக்கையாளரில் மாதந்தோறும் 5 சதவீதம் பேர் விலகினால், ஓராண்டு முடிவில் எஞ்சுவோர் 54 பேர். விலகுவோர் 2 சதவீதமாகக் குறைந்தால் எஞ்சுவோர் 78 பேர். ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதற்கு விளம்பரச் செலவு செய்கிறவர் பலர். விலகிய ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, காரணம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வதற்குச் செலவு ஏதுமில்லை. நூறு பேர் வரும்வரை இதை நீங்களே செய்யுங்கள், வேறொருவரிடம் ஒப்படைக்காதீர்கள்.

நான்காவது, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயம். விலகுவோரைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பொருளை நன்றாகச் செய்வது. மற்றொன்று, வெளியேறும் வழியை மறைப்பது. சேர்வதற்கு ஒரு பொத்தான், விலகுவதற்கு ஏழு பக்கங்கள் என்ற அமைப்பை நாம் அனைவரும் கைப்பேசியில் பார்த்திருக்கிறோம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இணைய வணிகத்தில் கையாளப்படும் 13 வகை ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. சந்தாப் பொறி என்பது அவற்றுள் ஒன்று. விலகும் வழியைச் சிக்கலாக்குவதும், இலவசமாகப் பயன்படுத்திப் பார்ப்பதற்கே வங்கி விவரத்தைக் கட்டாயமாகக் கேட்பதும் அதில் அடங்கும். ரிசர்வ் வங்கியின் விதியோ 2021 அக்டோபர் முதல் கடுமையாக நடைமுறைக்கு வந்தது. அட்டையிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக வாடிக்கையாளருக்கு அறிவிப்புச் செல்ல வேண்டும். 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு ஒவ்வொரு முறையும் அவருடைய ஒப்புதல் வேண்டும்.

சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. ஆனால் சட்டம் தொடாத ஓர் இடம் இருக்கிறது. தெரிந்தே சேர்ந்து, பிறகு மறந்துபோனவரின் பணம் அது. கடையை மூடிவிட்ட ஒருவர், மூன்று மாதமாக மென்பொருளுக்குள் நுழையவே இல்லை. அவருடைய கணக்கிலிருந்து மாதந்தோறும் 500 ரூபாய் வந்துகொண்டிருக்கிறது. அவருக்கு நினைவில்லை. உங்களுக்கோ தெரியும், உங்கள் பதிவேடு அதைக் காட்டுகிறது.

"வாடகைக்கு எடுத்த கடையைப் பூட்டி வைத்தாலும் வாடகை உண்டல்லவா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒப்புக்கொண்ட காலத்துக்கு வாடகை உண்டு, ஐயமில்லை. ஆனால் மாதச் சந்தாவின் காலம் ஒரு மாதமே. அடுத்த மாதம் புதிய ஒப்பந்தம். புதிய ஒப்பந்தத்துக்கு உயிருள்ள சம்மதம் வேண்டும். மறதியைச் சம்மதமாக எண்ணிக்கொள்வது, விற்பவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் சமாதானமேயன்றி வேறில்லை. அளவையில் குறை செய்வோரின் பெயரையே தலைப்பாகக் கொண்ட ஓர் அத்தியாயம் திருக்குர்ஆனில் 83-ஆவதாக இருக்கிறது. அக்காலத்துத் தராசு இருவர் கண்ணுக்கும் தெரிந்தது. இக்காலத்துத் தராசு விற்பவரின் கணினிக்குள் இருக்கிறது. எனவே அவருடைய பொறுப்பு கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை.

இது வியாபாரத்துக்கு ஒவ்வாத பேச்சு என்று எண்ண வேண்டாம். நெட்ஃபிலிக்ஸ் நிறுவனம் 2020 மே மாதத்தில், நெடுங்காலம் எதையும் பார்க்காத சந்தாதாரர்களிடம் தொடர விருப்பமா என்று கேட்டு, பதில் வராவிட்டால் சந்தாவைத் தானே நிறுத்திவிடுவதாக அறிவித்தது. அந்த நிறுவனத்துக்கு நம் ஃபிக்ஹு தெரியாது. நம்பிக்கையின் விலை தெரியும். நீங்களும் ஒரு விதியை நிரலிலேயே எழுதிவிடலாம்: 60 நாள் நுழையாதவருக்கு ஒரு செய்தி, பதில் இல்லையேல் கட்டணம் நிறுத்தம், அவருடைய தரவு மட்டும் பத்திரம். திரும்ப வருகிறவர் உங்களைப் பிறரிடம் நல்லவிதமாகச் சொல்வார்.

ஐந்தாவது, ஆண்டுச் சந்தா. 12,000 ரூபாயை மொத்தமாக வாங்கியவுடன் அது நம் பணம் என்று தோன்றும். முதல் மாத முடிவில் உங்கள் உழைப்புக்கு உரியது 1,000 மட்டுமே. எஞ்சிய 11,000 இன்னும் செய்து முடிக்காத வேலைக்கான பணம். அதை அமானத்தாகவே கருதித் தனிக் கணக்கில் வையுங்கள். அதை எடுத்து வாகனம் வாங்கியவர், ஆறாம் மாதத்தில் தொழில் நின்றுபோனால் எதைத் திருப்பித் தருவார்? வாடிக்கையாளரின் கணக்கு விவரங்களும் அமானத்தே. விலகும் நாளில் தம் விவரங்களை முழுமையாக எடுத்துச் செல்ல அவருக்கு வழி இருக்க வேண்டும். அதைப் பிணையாக வைத்துக்கொண்டு எவரையும் தங்க வைக்காதீர்கள்.

இறுதியாக, முதலீடு. வட்டிக் கடனில் தொடங்கினால் தவணை நாள் உங்களை அவசரப்படுத்தும். அவசரம் மேலே சொன்ன தவறுகளை எல்லாம் செய்யத் தூண்டும். சோஹோவின் வரலாறு இங்கே பயனுடையது. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய அந்நிறுவனம், வெளி முதலீட்டாளர்களின் பணத்தை நாடாமல், வாடிக்கையாளர் தந்த வருவாயைக் கொண்டே வளர்ந்தது. தென்காசி அருகே மத்தளம்பாறை என்னும் சிற்றூரிலும் அலுவலகம் அமைத்தது. சிற்றூரில் செலவு குறைவு. செலவு குறைந்தவருக்குப் பொறுமை எளிது. உறவினரிடம் பணம் பெறுவதாயின், கடனா முழாரபாவா என்பதை எழுதிக்கொள்ளுங்கள். முழாரபாவில் இலாபம் பேசிய விகிதப்படி பங்கிடப்படும். உழைப்பவரின் கவனக்குறைவோ ஒப்பந்த மீறலோ இன்றி நட்டம் வந்தால் முதல் இட்டவர் முதலை இழப்பார், உழைத்தவர் உழைப்பை இழப்பார். இதை முன்கூட்டியே இருவரும் ஒப்புக்கொண்டால் குடும்பங்கள் பிரியாது.

வேலையை விடும் முன், மாலை நேரங்களில் உழைத்து, பணம் கட்டும் பத்து வாடிக்கையாளரைத் தேடிக்கொள்ளுங்கள். உறவுமுறைக்காகச் சேர்ந்தவரை அந்தப் பத்தில் எண்ண வேண்டாம். அந்தப் பத்துப் பேரும் மூன்றாம் மாதத்தில், நினைவோடும் விருப்பத்தோடும் மீண்டும் பணம் கட்டினால், உங்கள் தொழிலுக்கு அடித்தளம் விழுந்துவிட்டது. மறந்து கட்டுவோர் ஆயிரம் பேர் இருந்தும் அந்த அடித்தளம் அமையாது.

நம் இளைஞர்களின் உழைப்பை ஹலாலாகவும் பரக்கத் உள்ளதாகவும் வல்ல அல்லாஹ் ஆக்கி வைப்பானாக. ஆமீன்.