ஆச்சி அவுட் ஆஃப் ஃபோகஸ்!

"ஏலே, மங்குஸ்தான் எல்லாம் நல்லா விழுந்திருக்கு. என்னை எங்கலே காணோம்?"

குற்றாலத்துல எடுத்த போட்டோவைப் பார்த்துட்டு எங்க ஆச்சி கேட்ட கேள்வி இது. முட்டுவலி வந்த பிறகு அருவிப் பக்கமே எட்டிப் பார்க்காத ஆச்சியை, இந்த சீஸனுக்குக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிட்டுப் போயிருந்தேன். மெயின் அருவி போற வழியில பழக்கடை முன்னாடி நிக்கவெச்சு, செகண்ட் ஹேண்ட்ல வாங்கின யாஷிகா எஃப்எக்ஸ்-3 சூப்பர் 2000-ல ஒரு க்ளிக். வ்யூஃபைண்டர்ல மூக்குத்தி வரைக்கும் பளிச்! ஃபிலிமைக் கழுவி வந்தா... ஆச்சி கலங்கல். பின்னாடி கூடையில இருக்குற மங்குஸ்தானை மட்டும் ஒண்ணொண்ணா எண்ணிடலாம்.

பரண்ல கிடந்த அப்பாவோட கேமராவைத் தூசி தட்டி எடுத்திருக்கீங்களா? உங்களுக்குத்தான் இந்த வாரம்.

முதல்ல கேமராவைத் திட்டாம போட்டோவைப் பாருங்க. எல்லாமே ஒரே திசையில இழுத்த மாதிரி இருந்தா, அது கை நடுக்கம். சாரல் நேரத்து மங்கின வெளிச்சத்துல, 50 மி.மீ. லென்ஸை 1/60-க்கும் கீழே வெச்சுக் கையில பிடிச்சு எடுத்தா அப்படித்தான் வரும். படம் முழுக்கப் பால் ஊத்தின மாதிரி வெளுத்திருந்தா, லென்ஸுக்குள்ள டார்ச் அடிங்க. சிலந்தி வலை மாதிரி தெரிஞ்சா பூஞ்சை. (குற்றாலத்து ஈரம் நமக்குத்தான் சுகம் பாஸ், லென்ஸுக்கு இல்லை!) ஆனா, குறிவெச்ச ஆள் கலங்கி, வேற ஏதோ ஒண்ணு கூர்மையா விழுந்திருந்தா லென்ஸ் மேல பழி போடாதீங்க. உங்க கண்ணுக்கும் ஃபிலிமுக்கும் நடுவுலதான் தகராறு.

எஸ்.எல்.ஆர். கேமராவுல நாம பார்க்குறது, உள்ளே இருக்குற சாய்வுக் கண்ணாடியில பட்டு மேலே ஸ்க்ரீன்ல விழுற பிம்பத்தை. லென்ஸ்ல இருந்து ஸ்க்ரீனுக்கு உள்ள தூரமும், ஃபிலிமுக்கு உள்ள தூரமும் அச்சு அசலா ஒண்ணா இருக்கணும். 50 மி.மீ. லென்ஸ், முடிவிலியில இருந்து 2 மீட்டருக்கு வர முன்னால நகர்றது எவ்வளவு தெரியுமா? வெறும் 1.3 மி.மீ.! (ப்ளஸ் டூல போட்ட 1/f கணக்குதான். அரியர் வெச்சவங்க சும்மா நம்பிக்கோங்க.) அப்போ ஸ்க்ரீன் அரை மி.மீ. பிசகினாலே போதும், 2 மீட்டர்ல நிக்குற ஆச்சியை விட்டுட்டு ஃபோகஸ் 3 மீட்டருக்கு அந்தப் பக்கம் கூடைக்குப் போயிடும்.

இதைக் கண்டுபிடிக்க ஃபிலிம் செலவழிக்க வேண்டாம். ஊட்டியில 'இந்து' ஃபிலிம் தயாரிச்ச இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸே மூடியாச்சு, விக்கிற விலைக்கு டெஸ்ட் ரோல் எல்லாம் கட்டுப்படியாகாது. இ.டி. கிளாஸ்ல மிஞ்சின ட்ரேசிங் ஷீட் போதும்.

நான் மொட்டைமாடிக்குப் போனேன். தென்காசிக்காரனுக்கு முடிவிலின்னா வேற என்ன... காசி விசுவநாதர் கோயில் கோபுரம்தான்! 1990-ல புதுசா எழும்பி நிக்குற ஒன்பது நிலை, ஏறத்தாழ 180 அடி. கேமராவை ஸ்டாண்ட்ல மாட்டி, பின்கதவைத் திறந்து, ஃபிலிம் உரசி ஓடுற உள்பக்க விளிம்பு மேல ட்ரேசிங் துண்டை விறைப்பா ஒட்டினேன். ஷட்டர் தகட்டுல விரல் படவே கூடாது. அபர்ச்சர் முழுசாத் திறந்து, ஷட்டரை 'பி'-ல வெச்சு, கேபிள் ரிலீஸால அழுத்திப் பூட்டிட்டு, லென்ஸ் வளையத்தை முடிவிலிக் குறிக்குத் திருப்பினேன். அந்தக் கால ஸ்டூடியோக்காரர் மாதிரி தலையில துண்டைப் போட்டுக்கிட்டுப் பார்த்தா, காகிதத்துல தலைகீழா கோபுரம். லென்ஸ் வெச்சுப் பார்த்தேன், நிலை நிலையா அப்படியொரு கூர்மை!

வளையத்தை அசைக்காம ஷட்டரை மூடி, வ்யூஃபைண்டர்ல பார்த்தேன். நடு வட்டத்துல கோபுரம் ரெண்டா வெட்டுப்பட்டு, மேல் பாதி ஒரு பக்கம், கீழ் பாதி ஒரு பக்கம். ஃபிலிமுக்குத் தெரியுற கோபுரம் என் கண்ணுக்குத் தெரியலை. திருடன் சிக்கிட்டான்! (உங்களுக்குக் காகிதத்துலயே கலங்கினா, சந்தேகம் லென்ஸ் மேல. யாரோ கழட்டித் துடைச்சுட்டு, மரையைத் தப்பா ஏத்தியிருக்கலாம்.)

திருநெல்வேலியில ஒரு பழைய மெக்கானிக் பிரிச்சுப் பார்த்துட்டுச் சிரிச்சார். கீழே கண்ணாடியைப் பார்த்து இருக்கவேண்டிய ஸ்க்ரீனோட சொரசொரப்புப் பக்கம், மேலே பார்த்து இருந்துச்சு. முன்னாடி எந்தப் புண்ணியவானோ தூசி தட்டக் கழட்டி, திருப்பி மாட்டியிருக்கார். சில கேமராவுல சாய்வுக் கண்ணாடியே லேசா இறங்கி நின்னாலும் இதே கூத்துதானாம். ஆர்வத்துல நீங்களே திறந்து துடைச்சிடாதீங்க. அந்தக் கண்ணாடிக்கு ரசம் முன்பக்கம், கீறல் விழுந்தா அவ்வளவுதான். வாங்குறதுக்கு முன்னாடியே, ட்ரேசிங் துண்டோட கடைக்குப் போறது புத்திசாலித்தனம்.

கேமரா ரெடி. "ஆச்சி, வாங்க குற்றாலம் போவோம்"னேன். "சீஸன் முடிஞ்சிட்டுலே, முட்டு வேற குத்துது"ன்னு சொல்லிட்டாங்க. வீட்டுத் திண்ணையிலேயே உக்காரவெச்சு எடுத்திருக்கேன். ரோல் இப்போ 22-வது ஃப்ரேம்ல நிக்குது. முப்பத்தாறும் முடிஞ்சாத்தான் கழுவ அனுப்பணும். ஆச்சி தினமும் கேட்குறாங்க.