கெம்பலைக்கு முழு மதிப்பெண்

"தொரிமன் நேற்று மாலை குவளத்தில் மூன்று கெம்பலைகளைச் சிடுத்தான்." இதைப் படித்துவிட்டு விடை எழுத வேண்டும். தொரிமன் எங்கே சிடுத்தான்? குவளத்தில். எத்தனை கெம்பலைகளை? மூன்று. எப்போது? நேற்று மாலை. மூன்றுக்கு மூன்று மதிப்பெண். கெம்பலை என்பது மிருகமா, பலகாரமா என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. அப்படியொரு சொல்லே தமிழில் கிடையாது.

நம் பள்ளிகளில் ஆங்கிலப் பாடம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. பத்தியைச் சத்தமாக வாசிக்க வேண்டும். கேள்வியில் உள்ள சொல் பத்தியில் எங்கே வருகிறது என்று தேடி, அந்த வரியை அப்படியே பெயர்த்து எழுத வேண்டும். இதற்கு 'காம்ப்ரிஹென்ஷன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

பெங்களூரு விவேக் நகரில், வியாழக்கிழமை நொவேனாவுக்குக் கூட்டம் அலைமோதும் குழந்தை இயேசு ஆலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில், வீட்டில் தமிழும் கடையில் கன்னடமும் புத்தகப் பையில் ஆங்கிலமுமாக வளரும் பிள்ளைகள் ஏராளம். ஈஜிபுரம், நீலசந்திரா பக்கமும் இதே கதைதான். பெற்றோர் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிக் கட்டணம் செலுத்துகிறார்கள். பதிலுக்கு அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே அத்தாட்சி பிள்ளையின் குரல். "நல்லா ரீடிங் போடுறான், இங்கிலீஷ் தண்ணி மாதிரி வருது" என்ற பூரிப்பு. தடங்கலில்லாமல் வாசித்தால் புரிந்துவிட்டது என்று பொருள். இந்த நம்பிக்கையில் பெற்றோர், டியூஷன் நடத்துபவர், பள்ளி நிர்வாகம் எல்லோரும் ஒரே கட்சி.

நம்பிக்கை தவறு என்பதற்கு ஆதாரம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். பிரதம் அமைப்பு நடத்தும் 'அசர்' கணக்கெடுப்பில், பிள்ளை வாசித்த ஆங்கில வாக்கியத்தின் பொருளை அதன் சொந்த மொழியிலேயே கேட்டார்கள். 2016 அறிக்கைப்படி, இந்தியக் கிராமங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் எளிய ஆங்கில வாக்கியங்களை வாசிக்க முடிந்தவர்கள் 24.5 விழுக்காடு. அவர்களிலும் பொருள் சொல்ல முடிந்தவர்கள் 62.4 விழுக்காடுதான். மீதிப் பேர் வாசித்தார்கள், அவ்வளவே. கிராமக் கணக்கு நகரத்துக்குப் பொருந்தாது என்று சிலர் சொல்லக்கூடும். நகரத்துப் பள்ளி அப்படி ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

எழுத்துக் கூட்டத் தெரியாமல் புரிதல் வராது என்பது உண்மைதான். கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986இல் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் கிடைப்பதே வாசித்துப் புரிதல். கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். நம் டியூஷன்கள் முதல் எண்ணையே ஏற்றிக்கொண்டிருக்கின்றன.

பொருள் தெரியாத சொற்களை அகராதி பார்த்து மனப்பாடம் செய்தால் சரியாகிவிடும் என்பார்கள் சிலர். அதுவும் பாதிக் கிணறுதான். 1988இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற ஆய்வாளர்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பத்தியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் மட்டமானவர்கள் என்று பெயரெடுத்திருந்தாலும், ஆட்டம் அறிந்த பிள்ளைகள் அதை நன்றாகவே நினைவில் வைத்துச் சொன்னார்கள். ஆட்டம் அறியாத 'நல்ல' வாசகர்கள் பின்தங்கினார்கள். சின்னசாமி மைதானத்துக் கிரிக்கெட் ஆட்டத்தைப் பற்றிய ஆங்கிலச் செய்தியை ஈஜிபுரத்துப் பையன் கையில் கொடுத்தால் புரிந்துகொள்வான். டாஃபடில் பூவைப் பற்றிய பாடத்தில் திணறுவான். குற்றவாளிக் கூண்டில் ஏறுவது மட்டும் எப்போதும் பையன்தான்.

இதில் எரிச்சலூட்டும் சங்கதி, மாற்றுவழியை இதே ஊர் நாற்பது வருடங்களுக்கு முன்பே சோதித்துப் பார்த்துவிட்டது என்பது. 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் சில சாதாரணப் பள்ளிகளில் என்.எஸ். பிரபு ஒரு முயற்சியை நடத்தினார். அப்போது அவர் சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தார். பெங்களூரு மண்டல ஆங்கில நிறுவனம் துணை நின்றது. உலகெங்கும் ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் இன்றும் 'பெங்களூரு திட்டம்' என்று இதைப் பாடமாக வைக்கிறார்கள். பெங்களூருவாசிகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

பிரபுவின் வகுப்பில் இலக்கண விதி கிடையாது, கூட்டு ஒப்புவிப்பு கிடையாது. ஒரு ரயில் கால அட்டவணை, ஒரு வரைபடம், ஒரு விலைப்பட்டியல். ஆசிரியர் முதலில் வகுப்போடு பேசிப் பேசி ஒரு கணக்கைத் தீர்ப்பார். பிறகு அதே மாதிரி இன்னொன்றைப் பிள்ளைகள் தனித்தனியே தீர்க்க வேண்டும். கன்டோன்மென்டில் ஏறிப் பகல் பன்னிரண்டுக்குள் காட்பாடி சேர எந்த வண்டியைப் பிடிக்க வேண்டும் என்ற மாதிரிக் கேள்விக்குப் பெயர்த்தெழுத வரி எதுவும் இல்லை. ஆங்கிலம் புரிந்தால் விடை வரும், புரியாவிட்டால் வராது. பிள்ளைகள் இடையில் தாய்மொழியில் பேசிக்கொண்டாலும் தடையில்லை. கவனம் பொருளின் மேல் இருந்தால் மொழி தானே படியும் என்பது அவர் வாதம். 1987இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார்.

பெரட்டா, டேவிஸ் என்ற இருவர் 1985இல் வெளியிட்ட மதிப்பீடு திட்டத்துக்கு ஓரளவு சாதகமாகவே இருந்தது. குறையும் சொன்னார்கள்: பாடம் நடத்திய ஆசிரியர்களே ஆர்வமும் தகுதியும் மிக்கவர்கள் என்பதால் ஒப்பீடு முழுக்க நியாயமானதில்லை. ஆனால் ஆர்வமுள்ள ஆசிரியரால் நடக்கும் என்பது, கைவிடச் சொல்லும் காரணமா?

நடுவில் கர்நாடகம் எதைப் பற்றிச் சண்டை போட்டது? மீடியத்தைப் பற்றி. தாய்மொழிவழிக் கல்வியைத் தனியார் பள்ளிகள்மேல் திணிக்க முடியாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019இல் ஆயிரம் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழி வகுப்புகளைத் தொடங்க அரசே முன்வந்தது. எந்த மொழியில் என்று எல்லோரும் கேட்டார்கள். புரிகிறதா என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் காணாமல் போயிற்று. சில பள்ளிகளோ வளாகத்துக்குள் தமிழோ கன்னடமோ பேசினால் அபராதம் என்கின்றன. பாடம் புரிந்ததா என்று பிள்ளை சொல்லிக் காட்டக்கூடிய மொழியையே பூட்டி வைத்தால் யாருக்கு எப்படித் தெரியும்?

பள்ளிகளின் வழக்கமான பதில் தயாராக இருக்கிறது: "போர்ஷன் முடிக்கணும், வகுப்பில் அத்தனை பிள்ளைகள், வசதி எங்கே?" பிரபுவின் வகுப்புகளும் கூட்டமான வகுப்புகள்தான். அங்கே மொழிக்கூடமோ திரையோ கிடையாது. கரும்பலகையும் சாக்பீஸும் காகிதமும் இருந்தன. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் விவேக் நகர்ப் பெற்றோர் இதைச் சொல்லிவிட்டு, புத்தகத்தை மூடச் சொல்லி, பாடம் எதைப் பற்றியது என்று தமிழிலேயே சொல்லும்படி பிள்ளையை ஆசிரியர் முன்னால் கேட்கலாம். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.