ஒட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்



நம்ம கோயில் கவுண்டர்ல உபயப் பதிவைப் பார்த்துக்கிற தொண்டர்கள் நாங்கள். போன நவராத்திரி உபயத்துல எங்களால ஒரு தவறு நடந்தது. அதை மறைக்காம சொல்லிட்டு, எங்க கருத்தையும் வைக்கிறோம்.

வாட்ஸ்அப்ல வந்த பெயர்களை ஒரு பட்டியலாவும் நட்சத்திரங்களை இன்னொரு பட்டியலாவும் வேர்டுல எடுத்து, இரண்டையும் எக்செல்ல பக்கத்துப் பக்கத்துல ஒட்டினோம். பெயர் 38, நட்சத்திரம் 37. ஒருத்தர் நட்சத்திரம் அனுப்பல. அந்த இடம் காலியா நிக்காம, அவருக்குக் கீழ இருந்த நட்சத்திரம் எல்லாம் ஒரு படி மேல ஏறிடுச்சு. நாங்க எண்ணிப் பார்க்கல.

குருக்கள் சங்கல்பத்துல வாசிக்கும்போது ஒரு வயசான அம்மா மெதுவா சொன்னாங்க: "ஐயா, என் மகன் ரோகிணி. மிருகசீரிஷம்னு சொல்றீங்களே." மகனுக்கு மறுநாள் ஆபரேஷன். குருக்கள் உடனே மறுபடியும் சங்கல்பம் செஞ்சு வெச்சாரு. அந்த அம்மா கோபப்படல. அதுதான் எங்களுக்கு ரொம்ப வலிச்சது. வாய் திறந்து கேட்காத மத்தவங்க எத்தனை பேர்?

"கம்ப்யூட்டர்ல போட்டா தப்பு வராது"ன்னு சிலர் சொல்றாங்க. நாங்க ஒத்துக்க மாட்டோம். ஃபேக்டரியில ஒரு லாட் நம்பர் மாறினா மொத்த பேலட்டையும் நிறுத்தி வெச்சு சரிபார்ப்போம். சாமி முன்னாடி வாசிக்கிற பெயருக்கு அந்த அளவு கவனமாவது வேண்டாமா?

ஒட்டுறது தப்பில்லை. பார்க்காம ஒட்டுறதுதான் தப்பு. இனிமே நாங்க இப்படித்தான் செய்யப் போறோம்:

1. பெயரும் நட்சத்திரமும் ஒரே வரியில இருக்கணும். தனித்தனியா எடுத்து ஒட்டக்கூடாது.

2. போன் நம்பர், ஐ.சி. நம்பர் கட்டங்களை முதல்லயே "டெக்ஸ்ட்"னு மாத்தி வைக்கணும். இல்லைன்னா 012ன்னு தொடங்குற நம்பர் 12 ஆயிடும். 2000லிருந்து 2009 வரைக்கும் பிறந்த நம்ம பிள்ளைகளோட ஐ.சி.யில முன்னாடி இருக்கிற பூஜ்யமும் காணாம போயிடும். உறுப்பினர் பட்டியல்ல அது பெரிய தலைவலி.

3. வெறும் எழுத்தா மட்டும் ஒட்டணும். புதிய எக்செல்லயும் கூகுள் ஷீட்ஸ்லயும் கண்ட்ரோல், ஷிப்ட், வி மூணையும் சேர்த்து அழுத்தினா போதும். பழைய கம்ப்யூட்டர்னா முதல்ல நோட்பேடுல ஒட்டி, அங்கிருந்து எடுக்கலாம். சும்மா ஒட்டினா வேர்டோட ஃபார்மேட்டும் கூடவே வந்து, நாம "டெக்ஸ்ட்"னு வெச்சதை மாத்திடும்.

4. பழைய தமிழ் எழுத்துருவில அடிச்ச பட்டியலை நேரா ஒட்டினா ஆங்கில எழுத்தும் குறியீடுமா வரும். யூனிகோடுக்கு மாத்திட்டுத்தான் ஒட்டணும்.

5. ஒட்டி முடிச்சதும் வரிசையை எண்ணணும். முதல், நடு, கடைசிப் பெயர்களை மூலத்தோட ஒப்பிடணும். ஒருத்தர் வாசிக்க இன்னொருத்தர் பார்க்கணும்.

பட்டியலை ஒரு நாள் முன்னாடியே கவுண்டர்ல பார்வைக்கு வைப்போம். அதுல பெயரும் நட்சத்திரமும் மட்டும்தான் இருக்கும், போன் நம்பர் இருக்காது.

உங்ககிட்டயும் ஒரு வேண்டுகோள். ஆளுக்கு ஒரு வரியா, பெயர், நட்சத்திரம்னு அனுப்புங்க. பூரம், பூராடம், பூரட்டாதி மூணும் வேற வேற. சுருக்காம முழுசா எழுதுங்க. வாய்ஸ் மெசேஜ் வேண்டாமே. நட்சத்திரம் தெரியலைன்னா "தெரியாது"ன்னே போடுங்க. அந்த ஒரு வார்த்தை இருந்தா பட்டியல் நகராது.

அந்த அம்மாவோட மகன் நலமா வீடு திரும்பிட்டாருன்னு கேள்விப்பட்டோம். அம்பாள் கருணை. ஆனா எங்க கவனக்குறைவுக்கு அது சாக்கு ஆகாது. நேரம் இருக்கிறவங்க, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிஞ்சா போதும், சனிக்கிழமை சாயங்காலம் வந்து சரிபார்க்க உதவுங்க. அதுவும் சேவைதான்.