சேர்ந்து சிரிக்கும் இல்லறம்



ஜெர்மனி நாட்டில் மாரியோ பார்த் என்றொரு மேடை நகைச்சுவையாளர் இருக்கிறார். 1972-இல் பெர்லினில் பிறந்தவர். ஆண், பெண் உறவே அவருடைய பேச்சுக்கு முதலீடு. தம் காதலி அப்படிக் கேட்டாள், இப்படிச் செய்தாள் என்று கூறிக் கூறியே புகழ் பெற்றவர். 2008 ஜூலை 12 அன்று பெர்லின் ஒலிம்பிக் விளையாட்டரங்கில் அவர் பேச்சைக் கேட்க 67,000-க்கும் அதிகமானோர் திரண்டனர். கின்னஸ் சாதனை நூலிலும் அது இடம்பெற்றது. ஆனால், ஒருவரே நின்று பேசும் கலை அது. கதையில் வரும் பெண்ணின் மறுமொழி அவையோர் செவிக்கு எட்டுவதில்லை.

நம் தமிழகத்திலும் கணவன் மனைவி உறவைச் சிரிப்பாக்கிப் புகழ் கொண்ட ஒருவர் இருந்தார். அவர்தாம் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். 1908-இல் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்து, வில்லுப்பாட்டிலும் நாடகக் கம்பெனியிலும் பயின்று, பின்னர் திரைக்கு வந்தவர். உடன் நடித்த டி.ஏ. மதுரமே பின்னர் அவருக்குத் துணைவியானார். அவர்களுடைய நகைச்சுவையில் கணவன் ஒன்று கூறினால் மனைவி சுடச்சுடப் பதில் தருவாள். பேசுவதற்கு இருவருக்கும் சம உரிமை. மக்கள் சிரித்தது இருவரோடும் சேர்ந்து.

அவர்கள் இல்வாழ்க்கை குறையேதும் இல்லாதது என்று நிறுவ நான் வரவில்லை. ஆயினும் ஒரு நிகழ்ச்சி எண்ணத்தக்கது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944-இல் கைதான கிருஷ்ணன், மறு ஆண்டு ஆயுள் தண்டனை பெற்றார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற அவ்வழக்கில் 1947-இல் அவருக்கு விடுதலை கிடைத்தது. இடைப்பட்ட நாட்களில் மேல்முறையீட்டுக்காக அலைந்தவரும், நாடகத் தொழில் நின்றுவிடாமல் காத்தவரும் மதுரம் அம்மையாரே. கேலியில் சரிக்குச் சரி நின்றவர், துன்பத்திலும் உடன் நின்றார்.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வலீமா விருந்துகளில் ஆண்கள் பந்தி ஒருபுறம், பெண்கள் பந்தி மறுபுறம். ஆண்கள் பக்கம் ஒருவர், "இன்றோடு உன் சுதந்திரம் போயிற்று, மாப்பிள்ளை!" என்பார். மற்றொருவர் தம் மனைவியின் சமையலை இழுப்பார். சிரிப்பொலி கூரையைத் தொடும். அந்த மனைவியோ, காலணித் தொழிற்சாலையில் பகலெல்லாம் தோல் தைத்துவிட்டு, இரவில் வீட்டில் உலை வைப்பவளாய் இருக்கலாம். சுவருக்கு அப்பால் இருக்கும் அவளுக்கு மறுமொழி கூற வாய்ப்பில்லை. மனைவி என்பவள் ஒரு சுமை என்ற முதல் பாடத்தைப் புதுமாப்பிள்ளை அங்கே கற்றுக்கொள்கிறான்.

சகோதரிகளே, கணவரின் வருமானத்தைப் பெண்கள் பந்தியில் பேசிச் சிரிப்பதும் இதே கணக்குத்தான்.

நகைச்சுவை வேண்டாம் என்பதல்ல. சிரிப்பற்ற வீடு காற்றில்லாத அறை. ஆனால், நாவைத் திறக்குமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதை அவர் முகத்துக்கு எதிரே சொல்வேனா? சொன்னால் அவரும் சிரிப்பாரா? ஆம் எனில், தாராளமாகச் சொல்லுங்கள். இல்லை எனில், அது நம் வீட்டுக் குறை. சபைக்குக் கொண்டுவராமல், வீட்டிலேயே பேசித் தீர்த்துக்கொள்வோம்.