செம்புக் குழாய் நெளியாமல் வளைய என்ன வழி?

மருதூர் கீழக்கால் கடைமடையில் வாழை போட்டிருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. டீசல் இன்ஜினில் டேங்கிலிருந்து பில்டருக்கு வரும் 8 மி.மீ. செம்புக் குழாய் வெடித்துவிட்டது. புதுக் குழாய் வாங்கி முழங்காலில் வைத்து வளைத்தார். இரண்டு தடவையும் நெளிந்துபோனது. வாழை குலை தள்ளும் நேரம். ஜூன் முதல் தேதி பாபநாசம் அணையைத் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். அதனால்தான் அந்தப் பக்கத்தில் பழைய இன்ஜினை அவ்வளவு சீக்கிரம் காயலான் கடைக்குப் போடுவதில்லை.

முதலில், எந்தக் குழாய் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். டேங்க், பில்டர், பம்ப் வரைக்கும் செம்பு போதும். பம்பிலிருந்து நாசிலுக்குப் போவது இரும்புக் குழாய். அதில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோவைத் தாண்டும். அந்த இடத்தில் செம்பைப் போடவே கூடாது. ஊசிமுனை அளவு ஓட்டையிலிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சின்னதாகத்தான் தெரியும்; ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

குழாயை வளைக்கும்போது வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நெருங்கும். உள்ளே தாங்க ஒன்றும் இல்லாததால் வட்டமான குழாய் முட்டை வடிவாகிக் கடைசியில் மடிந்துவிடும். செம்பு விறைப்பாக இருந்தால் இன்னும் சீக்கிரம் மடியும். அதனால் வளைக்கும் முன்பு சூடுகாட்ட வேண்டும். நிழலில் வைத்துப் பார்த்தால் மங்கிய சிவப்பாகத் தெரியும் அளவு சூடு போதும். பிறகு தண்ணீரில் போட்டாலும் சரி, தானாக ஆறவிட்டாலும் சரி. பட்டறையில் அரிவாளை முக்கினால் இறுகும். செம்பு அப்படி இறுகாது, மெதுவாகவே இருக்கும். பழைய குழாயைச் சூடுகாட்டுவதென்றால் இன்ஜினிலிருந்து கழற்றி, டீசலை வடித்து, ஊதிக் காயவைத்த பிறகுதான் நெருப்புப் பக்கம் கொண்டுபோக வேண்டும்.

வளைவின் அளவைக் கண்மதிப்பில் எடுக்க வேண்டாம். கட்டுக்கம்பியை இன்ஜின் மேலேயே வளைத்து மாதிரி எடுத்துக்கொள்ளலாம். வளைவின் ஆரம் குழாய்த் தடிமனைப்போல் 4 மடங்குக்குக் குறையக் கூடாது. 8 மி.மீ. குழாய்க்கு 32 மி.மீ. வரும். தோட்டத்தில் கிடக்கும் இரண்டரை இன்ச் பி.வி.சி. பைப் துண்டின் மேல், ஆறிய குழாயை வைத்து, இரண்டு கட்டைவிரலாலும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்தி அழுத்த வேண்டும். ஒரே இடத்தில் அழுத்தினால் அங்கேதான் மடியும். பாதியில் விறைத்தால் மறுபடி சூடுகாட்டலாம். இரண்டு முனையிலும் 2 இன்ச் நேராக விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் நட் ஏறாது. நட்டை மாட்டாமலே முனையை விரித்துவிட்டுப் பிறகு தலையில் கைவைப்பவர்கள் நிறைய.

ஏ.சி., பிரிட்ஜ் சாமான் விற்கும் கடைகளில் குழாய் வளைக்கும் ஸ்பிரிங் கிடைக்கும். அதைக் குழாய்மேல் மாட்டி வளைத்தால் நெளியாது. வேண்டியதற்குமேல் ஒரு மயிரிழை வளைத்துத் திருப்பினால் ஸ்பிரிங் இளகிக் கழன்று வரும். டீசல் குழாய்க்கு இதுதான் நல்லது.

பொடிமணலை வறுத்து, ஆறவைத்து, தட்டித் தட்டி நிரப்பி, இரு முனையும் கட்டை அடித்து வளைக்கும் பழைய முறையும் உண்டு. வளைவு அழகாக வரும். ஆனால் ஒரு மணல் துளி டீசல் பம்புக்குள் போனாலும் பம்பு போச்சு. அந்தச் செலவில் பத்து ஸ்பிரிங் வாங்கலாம். கட்டை அடித்த குழாயை நெருப்பில் காட்டவே கூடாது. மணலில் ஈரம் இருந்தால் ஆவி அடைபட்டுக் கட்டை துப்பாக்கிக் குண்டுபோல் பாயும்.

வாசகரின் குழாய் முதலில் வெடித்ததற்கு இன்ஜின் அதிர்வு காரணமாக இருக்கலாம். அதிர்ந்து அதிர்ந்தே செம்பு விறைத்து வெடிக்கும். நேர்க்கோடாக இழுத்து மாட்டாமல் நடுவில் ஒரு சுற்று விட்டால் அதிர்வை அது வாங்கிக்கொள்ளும்.

நெளிந்த இரண்டு துண்டையும் சுத்தியலால் தட்டி நேராக்கிப் பயன்படுத்த வேண்டாம். மடிப்பு விழுந்த இடத்தை வெட்டிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளலாம். கழற்றிய செம்பு வாஷர்களையும் இதே மாதிரி சூடுகாட்டி மறுபடி போடலாம், தேய்ந்து பள்ளம் விழாமல் இருந்தால்.