வீட்டுத் தோட்டம்: வாடிய பாம் செடிக்கு மறுவாழ்வு

யாழ்ப்பாணத்தவராகிய நாம் பனையோடு பிறந்து பனையோடு வளர்ந்தவர். ஆதலால், பனையின் இனத்தைச் சேர்ந்த எதற்கும் நீர் வேண்டியதில்லை என்றொரு நம்பிக்கை நம்மிடையே வேரூன்றிவிட்டது. விறாந்தையிலே பூச்சாடியில் நிற்கும் அரிக்கா பாம் செடி ஆனி, ஆடியிற் பழுத்து வாடுவதற்கு இந்நம்பிக்கையும் ஒரு காரணமாகும்.

பனை தன் வேரை ஆழச் செலுத்தி நீரைத் தேடிக்கொள்ளும். சாடியில் நிற்பதற்கோ ஒரு சாண் மண்ணே உலகம். அன்றியும், மடகாஸ்கரின் கிழக்குப் பகுதியிலுள்ள ஈரக் காடுகளே அரிக்கா பாமின் தாயகம். சோழகக் காற்று ஓலையையும் மண்ணையும் உலர்த்தும் நாளில் அது நம்மையன்றி வேறு யாரை நம்பும்?

வாடிய செடியைக் குப்பையில் எறியுமுன் ஒன்றைச் சோதித்தறிதல் வேண்டும். பாம் செடியின் உயிர் குருத்திலே உள்ளது. ஒவ்வொரு தண்டுக்கும் வளரும் முனை ஒன்றே. அது அழிந்தால் அத்தண்டு மீண்டும் தளிர்க்காது. நடுக்குருத்தை மெல்ல இழுத்துப் பார்க்க. அழுகிக் கையோடு வந்துவிடின் அத்தண்டு முடிந்தது. பசுமையோடு உறுதியாய் நிற்பின், கீழோலைகள் காய்ந்திருப்பினும் கவலையில்லை. அரிக்கா பாம் பல தண்டுகளாக வளர்வதால், ஒன்று மாண்டாலும் மற்றவை பிழைத்தல் கூடும்.

இனிச் சிகிச்சை. சாடியை வெயிலும் காற்றும் தாக்காத, ஒளியுள்ள நிழலில் வைக்க. நெடுநாட் காய்ந்த மண் சுருங்கிச் சாடியின் ஓரத்தை விட்டு விலகியிருக்கும். வார்க்கும் நீர் அவ்விடைவெளியால் ஓடிப்போமேயன்றி வேரைச் சேராது. ஆகவே, சாடியை நீர் நிறைந்த வாளியில் அரைமணி நேரம் அமிழ்த்தி, பின் நன்கு வடியவிடுக. தூக்கவியலாத பெருஞ்சாடிக்குச் சிறிது சிறிதாகப் பலமுறை வார்க்க. அதன்பின், மேல்மண் ஓரங்குலம் உலர்ந்த பின்னரே நீர் தேவை. இரக்கத்தால் நாள்தோறும் நீரைக் கொட்டினால், தாகத்தில் தப்பியது வேரழுகி மாளும்.

நம் குடாநாடு சுண்ணக்கற் பூமி. கிணற்று நீரிலுள்ள சுண்ணம் சாடியின் விளிம்பில் வெண்பொருக்காகப் படிவதை நாம் காண்கிறோம். அது மிகுந்தால், மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேர் அதனை எளிதில் ஏற்கமாட்டாது, இளவோலை வெளிறும். மழைநீர் சேமித்திருப்பின் அதுவே நன்று. இல்லையேல், மாரி பிறந்ததும் சாடியை முற்றத்தில் வைத்து நனையவிடுக. உப்புக் கழுவுண்டு போகும். அடித்துளை அடைபடாதிருத்தல் அவசியம்.

பாதி பழுத்த ஓலையை அழகு கருதி வெட்டலாகாது. அதிலுள்ள பொற்றாசியச் சத்தை எடுத்தே செடி புதிய ஓலையை வளர்க்கின்றது. முற்றாகக் காய்ந்தவற்றை மட்டும் நீக்குக. புதுக்குருத்து விரியுமுன் பசளையிடுதலும் தவறு. நலிந்த வேர் கருகும். குருத்து விரிந்தபின் சிறிது கூட்டெரு போதும்.

பழுத்த ஓலை மீண்டும் பச்சையாவதில்லை. புதிய ஓலை வரச் சில மாதங்கள் செல்லும். பிள்ளைகள் கடல்கடந்து போக, முதியோர் மட்டும் வாழும் இல்லங்கள் நம்மூரிற் பல. பிள்ளை வைத்துச் சென்ற சாடியும் அங்கே நிற்கும். அதன் குருத்தைத் தொட்டுப் பாராமல் எறிந்துவிட வேண்டாம் என்பதே நம் வேண்டுகோள்.