சிசிஎன்ஏ செய்யட்டோ?

"டெக்னிகல் ரைட்டர் வேலைக்குப் போகப்போறன் அண்ணா, சிசிஎன்ஏ செய்யட்டோ?" என்று ஒரு தம்பி கேட்டான். பாவனையாளருக்கு விளங்குகிற மாதிரி வழிகாட்டிக் குறிப்பு எழுதுவதுதான் அந்த வேலை. சிசிஎன்ஏ, வலையமைப்பைக் கட்டிப் பராமரிக்கிறவர்களுக்கான பரீட்சை. கட்டணம் 300 அமெரிக்க டொலர். 3 வருசத்தில் காலாவதியாகிவிடும். வேலை தேடுற ஒருத்தருக்கு இது சின்னக் காசில்லை.

அதுக்காகப் படிப்பே வீண் என்று சொல்லமாட்டன். சிஸ்கோவின் பாக்கெட் ட்ரேசர் இலவசமாகக் கிடைக்கும். அதில் இரண்டு கணினிகளை ஒரு ரவுட்டரோடு இணைத்து, ஒன்றுக்கு ஐபி முகவரியைப் பிழையாகக் கொடுத்துப் பாருங்கோ. பிங் போகாது. ஏன் போகவில்லை என்று மண்டையை உடைக்கிற அந்த அரைமணித்தியாலம்தான் எழுதுறவருக்கு வேணும். வாசிக்கிறவர் எங்கே தடுக்கி விழுவார் என்று அப்போதுதான் பிடிபடும். பொறியியலாளரிட்ட "இது என்ன?" என்று கேட்கிறதுக்கும், "சப்நெட் மாஸ்க் மாறினால் இந்தப் படிமுறையும் மாறுமா?" என்று கேட்கிறதுக்கும் வித்தியாசம் இருக்குத்தானே.

சான்றிதழ், சிவி பார்க்கிறவரின் கண்ணில் படலாம். (எங்கட ஆக்களுக்குச் சான்றிதழ் சேர்க்கிறதில் தனி ஆசை வேற.) நிறுவனமே காசு கட்டினால் பரீட்சை எழுதுங்கோ. இல்லாட்டில் பாடத்திட்டத்தை மட்டும் படித்து, நீங்கள் தீர்த்த அந்தப் பிழையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி கிட்ஹப்பில் போடுங்கோ. தம்பிக்கும் இதைத்தான் சொன்னன். அவன் இன்னும் சீட்டுக்காசு எடுத்துக் கட்டுற யோசனையில்தான் இருக்கிறான்.